முடியுமா என்று கேட்காதவர்

செருப்பை எங்கே விடுவது என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம், ஒரு பழைய நூல் குடோனில் எங்கள் ஜிம் இருந்தது. எங்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் அங்கே வாசல் மேசையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவன். வெயில் ஏறி, காலை வகுப்பெல்லாம் முடிந்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் குடையை மடக்கியபடி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். ரப்பர் விரிப்பு, இரும்புக் கம்பிகள், கைப்பிடி வைத்த குண்டுகள், உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, செருப்ப வெளிய விடணுமா, போட்டுக்கிட்டே வரலாமா? இது கோயில் கணக்கா, கடைக் கணக்கா?" என்றார்.

போட்டுக்கொண்டே வரலாம், ஆனால் பயிற்சிக்கு ஷூ வேண்டும் என்றேன்.

"வழுக்கிரும்னா, இல்ல காலுல குண்டு விழுந்துரும்னா?"

இரண்டுக்கும்தான் என்று சொல்லி வைத்தேன். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கட்டம் போட்ட நூல் சேலை, நெற்றியில் திருநீறு, பெரிய மூக்குத்தி. பஜாரில் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை அவர்கள் வீட்டுக் கடை என்பது எனக்குத் தெரியும். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த மாதிரி வீட்டுப் பெண்கள் எங்கள் ஜிம்முக்கு வந்ததில்லை. வந்தாலும் மகளைச் சேர்க்கத்தான் வருவார்கள்.

எங்கள் ஜிம் தனித்தனியாக மிஷினில் உட்கார்ந்து செய்கிற மாதிரி இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, சுவரில் பெரிய கடிகாரம் ஓட ஓட, ஒரே பயிற்சியை மூச்சு வாங்க வாங்கச் செய்வார்கள். தூக்குவது, குதிப்பது, தரையில் விழுந்து எழுவது, மணல் மூட்டையைச் சுமந்து ஓடுவது. அன்றன்றைக்கு என்ன என்பதை மாஸ்டர் வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவார். ஊருக்கு இது புதுசு. அதனால் சேருவதற்கு முன் எல்லோருக்கும் கேட்பதற்கு நிறைய இருந்தது. அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை.

கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் கேள்வி எப்போதும் 'என்னால முடியுமா'. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவரும் அதைத்தான் கேட்பார், பள்ளிக்கூட வாத்தியாரும் அதைத்தான் கேட்பார். அடுத்தது வயசு. அதற்கடுத்து முட்டி வலி. பொம்பளைகளுக்குத் தனி நேரம் உண்டா, முட்டை சாப்பிட்டே ஆகணுமா, பாதியில விட்டா ஒடம்பு ஊதிருமாமே, குண்டு தூக்குனா பொம்பளைக்கு ஆம்பளை மாதிரி கை வந்துருமாமே. ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பித்து வைத்திருந்தேன். முடியுமா என்று கேட்டால், கண்டிப்பா முடியும், அவங்கவங்க சக்திக்குத் தகுந்த மாதிரி குறைச்சுக் குடுப்போம். அதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் முகம் தெளிந்துவிடும்.

இவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டார். நானாகவே எடை குறைக்கவா அம்மா என்று ஆரம்பித்தேன்.

"கூடுனா கூடிட்டுப் போகுது. எனக்கு ஆளத் தூக்கணும் தம்பி. ஒரு ஆள."

பிறகு விரிப்பு காய்வதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் அவரைத் தூக்கிக்கொண்டு போவது கடையில் சிமெண்ட் மூட்டை இறக்குகிற ஆட்கள். போன வருஷம்வரை கல்லாவிலிருந்தபடி "மெதுவா இறக்குங்கடா" என்று அதட்டியவர். இப்போது அவரையே அவர்கள் மெதுவாக இறக்கினார்கள். பிரியமாகத்தான் தூக்கினார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போல. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் கடையிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டும். காலையில் அரை டம்ளர். அதற்கு மேல் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கட்டிலிலேயே பாத்திரம் வைத்தால் இடது கையால் தள்ளிவிடுவார். பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் இரண்டு பேரையும் விரட்டிவிட்டார். சிறுநீரில் கிருமி சேர்ந்து ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவும் வைத்தாகிவிட்டது. இப்படியே போனால் அடுத்த தடவை காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி குடிக்காம ஒரு மனுசன் எம்புட்டு நாளைக்கு இருப்பாக?" என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

அன்றைக்குச் சேரவில்லை. விசாரிச்சுட்டு வாரேன் என்று போனார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்து வந்து, சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் மயக்கம் வந்தால் யார் பிடிப்பார்கள். தண்ணீர் இடையில் குடிக்கலாமா, முடித்துத்தான் குடிக்கணுமா. விரதம் இருக்கிற அன்றைக்கு வரலாமா. கடைசியாக முடிக்கிறவரை மற்றவர்கள் என்ன செய்வார்கள். அவர் முடிக்கும்வரை நின்று கைதட்டுவார்கள் என்று நான் சொன்னதற்கு, "கேலிக்கா, நெசத்துக்கா?" என்று கேட்டார். நெசத்துக்குத்தான் என்றேன். உடனே எழுந்து போய், அப்போதுதான் கடைசியாக முடித்துத் தரையில் மல்லாந்து கிடந்த மில்காரரிடம், அவுக கைதட்டுனப்ப ஒங்களுக்குக் கேலியா பட்டுச்சா என்று விசாரித்தார். அவருக்குப் பேச மூச்சு இல்லை. இல்லை என்று கையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகுதான் என் பதிலை ஒத்துக்கொண்டார்.

விசாரணைக் கமிஷன் என்று பையன்கள் பெயர் வைத்தார்கள். கமிஷன் வந்திருச்சு, ஒழுங்கா செய்யுங்கடா என்பார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். சட்டை செய்யவில்லை. ஒரு நாள் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் செய்யலாமா என்று எல்லோர் காதுபடவும் கேட்டார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார், நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஆனால் மூலையில் ஷூ கட்டிக்கொண்டிருந்த ஒரு டீச்சர் நிமிர்ந்து பார்த்து, பதில் வரும்வரை கயிற்றை முடிச்சுப் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பெண்கள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருப்பதை அவர் காதில் போடுவார்கள். அவர் சத்தமாகக் கேட்டுவிடுவார். யார் கேட்கச் சொன்னது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் கிடையாது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம், அப்பாவுக்குக் கூலி வேலை. பேங்கில் தப்பான வரிசையில் நின்று, கவுண்டரை மூடியதும் பேசாமல் திரும்பி வருவாரே தவிர, இது எதுக்கான வரிசை என்று பக்கத்து ஆளிடம் கேட்க மாட்டார். கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். புரியாத பாடத்துக்கும் தலையாட்டித்தான் பட்டம் வாங்கினேன். அதனால் இந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து, தெரியாது என்பதை இவ்வளவு சத்தமாக, இவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வேடிக்கையாகவே இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது.

அந்தக் கேள்விகள் என் பக்கமும் திரும்பின. விழுந்து எழுகிற பயிற்சியில் வயிற்றைப் புரட்டுமா என்று ஒரு நாள் கேட்டார். புரட்டாதும்மா, வெறும் வயித்துல வந்தா ஒண்ணும் செய்யாது என்று ஒப்பித்தேன்.

"நீங்க செஞ்சிருக்கீகளா?"

இல்லை என்றேன்.

"பெறகு எப்படித் தெரியும்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அடுத்த வாரமே மாஸ்டரிடம் கேட்டு வகுப்பில் சேர்ந்தேன். வெறும் வயிற்றோடுதான் போனேன். பாதியில் வெளியே ஓடிப்போய்க் கருவேல மரத்தடியில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து அவரிடம், புரட்டும்மா என்று சொன்னேன். "அப்படிச் சொல்லுங்க" என்று மிகுந்த திருப்தியோடு தலையாட்டினார்.

ஜிம்மை விசாரித்து முடித்த பிறகு மாஸ்டரை விசாரிக்க ஆரம்பித்தார். மாஸ்டர் மல்லாங்கிணறுக்காரர். முப்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் டீக்கடையில் மாஸ்டர் குடிப்பாரா என்று இந்த அம்மா கேட்டாராம். இஸ்திரிக் கடையில், பொம்பளைகளிடம் மரியாதையாகப் பேசுவாரா என்று கேட்டாராம். குடோன்காரரிடம், சொன்ன நேரத்துக்குக் கதவு திறக்கிறவரா என்று கேட்டாராம். கடைசியில் அவர்கள் கடையில் சிமெண்ட் வாங்கும் மல்லாங்கிணறு கொத்தனார் ஒருவரைப் பிடித்து, மாஸ்டரின் தெருவிலேயே விசாரிக்கச் சொல்லிவிட்டார்.

நம் பக்கத்தில் வியாபாரக் குடும்பத்தார் ஒரு பையனைப் பற்றி இப்படி நாலு இடத்தில் விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செய்தி மாஸ்டர் காதுக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் தேய்த்த சட்டை போட்டு வந்தார். அந்த அம்மா உட்கார்ந்திருக்கும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்து ஏலே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தம்பி என்றார்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டருடைய அம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் மல்லிகைப்பூவும் ஒரு பொட்டலம் சேவும். குதிப்பதற்கு வைத்திருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, எதிரில் நாற்காலியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"ஒங்க வீட்டுப் பொண்ணுதான்."

"எங்க வீட்டுல பொண்ணே இல்லையே. ஒரே பையன், பெங்களூர்ல இருக்கான்."

மாஸ்டரின் அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் பலகையைப் பார்த்தார்.

"பெறகு எதுக்கு எங்க தெருவுல ஆள விட்டு விசாரிச்சீக? குடிப்பானா, கோவக்காரனான்னு?"

"விசாரிக்க வேணாமா? எம் முதுகெலும்ப அவுக கையில குடுக்கப் போறேன். பொண்ணக் குடுக்குறதுக்கு மட்டுந்தான் விசாரிக்கணுமா?"

மாஸ்டரின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, கொண்டுவந்த பூவைக் கிள்ளிப் பாதியை அவரிடம் கொடுத்தார். அவர் வாங்கி வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடர்ந்தார். கோபம் வருமா என்று கேட்டார். குழம்பில் உப்பு கூடினால் வரும் என்றார் தாய். வேலையில்? வேலையில் வராது. அது போதும் என்று எழுந்து வந்து என் மேசையில் பெயர் கொடுத்தார். பிறகு மாஸ்டருக்குப் பாலவனத்தத்தில் ஒரு இடம் சொல்லி முடித்து வைத்ததும் அவர்தான். அந்தப் பெண்ணை என்னென்ன கேட்டாரோ.

சேர்ந்த பிறகாவது கேள்வி நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக வந்து, முதல் மாதம் முழுக்க வெறும் மரக்கோலை வைத்துக்கொண்டு குனிந்து நிமிரப் பழகினார். மற்றவர்கள் இரும்பு தூக்கும்போது இவர் கையில் கோல். இது ஏன், அது எப்போது என்று மாஸ்டரைக் குடைவார். முதுகு ஏன் நேராக இருக்கணும், பாரத்தை ஏன் ஒடம்போட ஒட்டி வச்சுக்கணும், மூச்சை எப்ப விடணும். காரணம் சரியாகச் சொன்னால் பிறகு அதை மறக்கவே மாட்டார். சொல்லாவிட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், கூட இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள், அவர் நிற்பார். சில நாள் எனக்கே எரிச்சலாக இருக்கும். ஆனால் மாஸ்டர் மாறிப்போனார். ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வர ஆரம்பித்தார். கமிஷன் கேட்கும் என்பார்.

கோல் போய் வெறும் கம்பி வந்தது. கம்பியில் சின்ன வட்டுகள் ஏறின. சின்ன வட்டுகள் பெரியவை ஆயின. தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டில் அவர் பிறந்ததே அதற்காகத்தான் என்கிற மாதிரி தூக்கினார். கல்லூரிப் பெண்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

ஒரு நாள் சந்தோஷமாக வந்தார். கணவரின் எடை தெரிந்துவிட்டதாம். கம்பிக் கட்டு எடை போடுகிற மேடையில், கடை ஆட்களை விட்டு அவரை நாற்காலியோடு தூக்கி வைத்து எடை பார்த்து, பிறகு வெறும் நாற்காலியை வைத்துக் கழித்திருக்கிறார்.

"கண்ண மூடிக்கிட்டாக. வெயிலு கூசியிருக்கும்" என்றார்.

எனக்கு என்னவோ போல இருந்தது. தன் கடை வாசலில், தன் மேடையில், தன் ஆட்களுக்கு முன்னால் கம்பிக் கட்டு மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் வெயிலுக்காக மட்டும் கண்ணை மூடியிருப்பார் என்று தோன்றவில்லை. அதற்குள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எத்தன கிலோ தம்பி?" என்றார். ஏறக்குறைய அவர் கணவரின் எடைதான். அப்போது நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன்.

அந்த எடையைக் கம்பியில் போட்டுத் தூக்கிய நாளில் குடோனே கைதட்டியது. வேர்வை வழிய நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "நெசத்துக்குத்தான?" என்றார்.

மறுநாள் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் தூக்கிப் பார்த்திருக்கிறார். கணவர் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டார், பிடி வழுக்கியது, இரண்டு பேருமாகக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துவிட்டார்கள். நல்லவேளை அவருக்கு அடியில்லை. கடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டுத்தான் இரண்டு பேரையும் எழுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அரை டம்ளர் தண்ணீரையும் அவர் குடிக்கவில்லை.

"இங்க வருது, வீட்டுல வரல. ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். தெரியலைம்மா என்றார். இரும்பைத் தூக்கத்தான் எனக்குத் தெரியும், ஆளத் தூக்கத் தெரியாது, கேட்டுட்டுச் சொல்றேன் என்றார். அந்தப் பதிலில் அவருக்கு மாஸ்டர் மேல் மரியாதை கூடியதை நான் பார்த்தேன். இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய், பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளைத் தூக்கவே கூடாதாம், எழுந்து நிற்க வைக்கத்தான் வேண்டுமாம். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடிக்கணும், விழுந்த பக்கத்து முட்டிக்கு நம் முட்டியை அணை கொடுக்கணும், செயலிழந்த கையை இழுக்கவே கூடாது, அவர் முன்னால் சாய்ந்து வரணும், அப்படியே திருப்பி நாற்காலியில் இறக்கணும்.

பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எடை பொருந்துகிறவன் நான்தான்.

மரப்பெட்டி கட்டில் ஆனது, என் மேசை நாற்காலி சக்கர நாற்காலி ஆனது. நான் ஏமாற்றாமல் இருப்பதற்காக மாஸ்டர் என் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். இடுப்பில் துண்டு. "ஏலே, புது மாப்ள கணக்கா இருக்க" என்றார் மில்காரர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அம்மா வந்து துண்டைப் பிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வலுவுக்குக் குறைச்சல் இல்லை. முறையும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் பாதி எழும்போது விறைத்தேன், என்னையறியாமல் இடது கை எதையாவது பற்றப் பாய்ந்தது, அவர் பிடி தளர்ந்து திரும்ப உட்காரவைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு செய்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தூக்குறப்ப உள்ளுக்குள்ள எப்படி இருக்கு தம்பி? மறைக்காமச் சொல்லுங்க. அவுக சொல்ல மாட்டேங்கிறாக."

இந்தக் கேள்விக்கு மாஸ்டர் எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. இருந்ததைச் சொன்னேன். துண்டை இழுத்ததும் கீழே தரை இல்லாத மாதிரி இருக்கிறது, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனாலும் நான் ஒரு சாமான் மாதிரி இருக்கிறது என்றேன். பிறகு சொன்னேன், "எப்பத் தூக்கப் போறீங்கன்னு தெரியலம்மா. அதான் ஒடம்பு விறைச்சுக்குது. தூக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்குங்க."

அவர் என் இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து, உதறி, நாலாக மடித்தார். மடித்ததைத் திரும்ப விரித்து மறுபடியும் மடித்தார்.

"கேட்டா, வேணாம்னு சொல்லிட்டாகன்னா?"

மெல்லிய குரலில்தான் கேட்டார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் கேட்டவர், அந்த ஒருவரிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாஸ்டர் ஏற்கனவே துடைத்திருந்த பலகையைத் திரும்பத் துடைத்தார். வழக்கமாகப் பதில் வரும்வரை நிற்கிறவர் அன்றைக்கு நிற்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் வரவில்லை. போன் செய்து கேட்கலாமா என்று மாஸ்டர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன், யாரும் செய்யவில்லை. பிறகு ஒரு காலை, வகுப்பு பாதி ஓடியிருக்கும்போது வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூக்கம் கெட்ட முகம். எனக்குப் பயமாகிவிட்டது. நேராக என் மேசைக்கு வந்தார்.

"கேட்டேன் தம்பி."

முந்தின நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால். துண்டைக் கட்டி, எதிரே நின்று, முட்டியை முட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தூக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். கணவர் குனிந்து இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். காலில் ஜிம்முக்குப் போடுகிற வெள்ளை ஷூ. செருப்புகூட நிலைப்படி தாண்டாத வீடு அது. ஷூவைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் திரட்டிக் கேட்டிருக்கிறார்.

"ஒன்னால... முடியுமா?"

என் மேசைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது. இத்தனை மாதத்தில் இவர் ஒரு தடவைகூடக் கேட்காதது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஊரெல்லாம் விசாரிச்சாச்சு, முடியுமாம்னு சொன்னேன்."

அவருக்கு வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்ததாம். பிறகு நல்ல கையை எடுத்து இவர் தோளில் வைத்து, தானாகவே முன்னால் சாய்ந்து கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். வகுப்பில் யாரோ பாட்டை நிறுத்தியிருந்தார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பெறகு?" என்றார் மில்காரர், குண்டைக் கையில் பிடித்தபடியே.

"பெறகென்ன. சாயந்தரம் அவுகளா தண்ணி கேட்டாக. டம்ளர்ல குடுத்தா வேணாம்னு சொம்பக் கைகாட்டுறாக." கொட்டாவி விட்டார். "ராத்திரி ரெண்டு தடவ எழுப்பிட்டாக என்னை. தூங்கவா விடுறாக."

அலுத்துக்கொண்டே குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"இன்னைக்கு எதத் தூக்கணும் மாஸ்டர்?"